மூன்றாம் தாரத்துக்கு எருப் போட்டவர்

பெண்டாட்டிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பெண்டாட்டிக்குப் பயந்து கரும்புக் காட்டுக்குள் ஒளிந்தவர்களையும் தெரியும். ஆனால் பெண்டாட்டிக்கு மாட்டுச்சாண எருப் போட்டு, சுற்றிக் களை பறித்து, ஆடு கடிக்காமல் வேலி கட்டி, நத்தை ஏறாமல் அடுப்புச் சாம்பல் தூவிக் குடித்தனம் நடத்திய மனுஷர், இந்த மொரீசியஸ் தீவு முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அந்த ஒருவரும் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வர வேண்டும் என்று எங்கள் தலையில் எழுதியிருந்தது.

ஊரில் அவருக்கு மரத்து மாப்பிள்ளை என்று பெயர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அக்கா தன் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள், நான் அவரை மாமா என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதனால் கடைசி வரைக்கும் அந்தப் பெயருக்கு வேலையே வரவில்லை.

எங்கள் ஊர் பெல் ஒம்ப்ர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம். கண் விழித்தால் ஒரு புறம் மலை, ஒரு புறம் கடல், நடுவில் எல்லாம் கரும்பு. தோட்டத்துத் துரைமார் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றபோது அப்பா ஒரு துண்டு வாங்கினார், அதை ஒட்டின துண்டை மரத்து மாப்பிள்ளை வாங்கினார். கரும்பு பூக்கிற மாதங்களில் ஊரே வெள்ளைப் புகைக்குள் மிதக்கும். மற்றவர்கள் அதை நாலு நாள் பார்த்து நின்றுவிட்டுக் கத்தியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். மரத்து மாப்பிள்ளை மட்டும் வருஷம் பூராவும் அதற்குள்ளேயே இருந்தார்.

ஒருமுறை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு கிளம்பியவர் வண்டியிலேயே தூங்கிப்போனார். வழி பழகின மாடுகள், நேராகக் கொண்டுபோய் ஆலை வாசலில் நிறுத்திவிட்டன. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆலை பூட்டிக் கிடந்தது. பூட்டின வாசலில் முதல் ஆளாக நின்று, சாயங்காலம் வரைக்கும் நன்றாகத் தூங்கி எழுந்து, அதே கரும்போடு திரும்பி வந்தார். எதிரே வந்த அப்பாவிடம், "இன்னைக்குக் கூட்டமே இல்ல மாமா" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

சிரித்துக்கொண்டே இருந்தாலும் அவர் கண்ணில் ஒரு பயம் இருக்கும். முதல் மனைவி காய்ச்சலில் போனாள். இரண்டாமவள் பிரசவத்தில், குழந்தையோடு போனாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இது புதிதில்லை, எல்லா வீட்டிலும் இப்படி ஒருத்தி போயிருப்பாள். மற்றவர்கள் அழுதுவிட்டுப் பழகிக்கொண்டார்கள். அவருக்குப் பழகவே இல்லை.

இப்போது என் அக்கா அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் நாக்கு எங்கள் வீட்டுக் கரும்புக் கத்தியைவிடக் கூர்மை. பெண் பார்க்க வந்தவர்களைப் பலகாரம் சாப்பிடுவதற்குள் திருப்பி அனுப்புகிற திறமை அவளுக்கு இருந்தது. அவள் கல்யாணம் முடிந்தால்தான் என் கல்யாணம். எனக்கென்று பிளேன் மாக்னியனில் ஒரு பையனைப் பேசி வைத்திருந்தார்கள். அவனுடைய அம்மா மாதத்துக்கு ஒரு தடவை ஆள் விட்டு, "எப்போ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் அக்கா ஒவ்வொரு வரனாகத் துரத்தியபோது வயிற்றெரிச்சல் பட்டவள் நான்தான்.

ஒரு மத்தியானம் மரத்து மாப்பிள்ளையின் வண்டி எங்கள் வேலியோரம் நின்றது. அவர் தூங்குகிறார், மாடுகள் எங்கள் வேலியில் படர்ந்திருந்த பூசணிக் கொடியைத் தின்கின்றன. அக்கா வெளியே வந்து அவருடைய ஏழு தலைமுறையையும் கூப்பிட்டுத் திட்டினாள். அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"நீ திட்டுற மாதிரி ஒரு கனவு கண்டேன் அஞ்சலை. நல்லா இருந்துச்சு" என்றார்.

அக்காவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் அடைத்தது. உள்ளே வந்து அப்பாவிடம், "கட்டினா இந்தாளத்தான் கட்டுவேன்" என்றாள். அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வேறு வழியும் இல்லை, பின்னால் நான் வேறு நின்றுகொண்டிருந்தேன்.

இங்கேதான் பூசாரி குறுக்கே வந்தார். மூன்றாம் தாரமாகப் போகிறவள் தங்க மாட்டாள் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் உண்டு. மாப்பிள்ளை முதலில் ஒரு வாழை மரத்துக்குத் தாலி கட்ட வேண்டும். அந்த வாழைதான் மூன்றாம் தாரம். கட்டின கையோடு அவரே அதை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தலை முழுகினால், வரவேண்டிய சாவு அதோடு போய்விட்டது என்று கணக்கு. மறுநாள் கட்டிக்கொள்கிற பெண் நாலாம் தாரம், அவளுக்கு ஒரு தோஷமும் இல்லை. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த வழக்கங்களில் எங்கள் பூசாரி சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்தது இது.

மாசியில் நாள் குறித்தார்கள். அதற்குள் சிக்லோன் வந்துவிட்டது. இந்தத் தீவில் புயலுக்கு எல்லாரும் அந்தப் பெயர்தான் சொல்வோம். கூரைகள் பறந்தன, கரும்பு படுத்தது, ஊரில் ஒரு வாழைகூட நிற்கவில்லை. பூசாரி வீடு வீடாகப் போய் வாழைக் கன்றாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மண்டையைச் சொறிந்துகொண்டு நின்றார். இந்த முகூர்த்தத்தை விட்டால் கரும்பு வெட்டெல்லாம் முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். பிளேன் மாக்னியன் அம்மா அதுவரை பொறுக்க மாட்டாள்.

அப்போதுதான் மரத்து மாப்பிள்ளை, "எங்க வீட்டு எருக்குழி ஓரத்துல ஒண்ணு நிக்குது" என்றார்.

அந்த ஒன்றுக்கு ஒரு கதை இருக்கிறது. முந்தின வருஷம் சட்டைத்துணி வாங்கப் போர்ட் லூயிஸுக்குப் போனவர், சட்டைத்துணியை மறந்துவிட்டு ஒரு காயோடு வந்தார். ரோஷ் புவாவில் குடியிருந்த துறைமுகக் கூலி ஒருவன் கொடுத்தானாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பலில் கிடந்த காய். எலியை வாலைப் பிடித்துத் தொங்கவிட்டதுபோல இருக்கும், மேலே பழுப்பு மயிர்த்தோல், உள்ளே புளிப்பாக வெள்ளை மாவு. அது பாவோபாப் மரத்துக் காய். அதன் அடியில் யானைகள் வந்து முதுகு சொறிந்துகொள்ளும் என்று சொன்னவன், "சா பியே-லா பா மோர்" என்றும் சொன்னானாம். இந்த மரம் சாகாது என்று அர்த்தம்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் அதை வாங்கி வந்திருப்பார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. விதைகளைப் பாத்தி கட்டி விதைத்தார், தண்ணீர் ஊற்றினார், பக்கத்தில் உட்கார்ந்து பேசியும் பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை. மாவைச் சப்பிவிட்டு எருக்குழியில் துப்பின விதை ஒன்று மட்டும், சாணிச் சூட்டில் ஓடு வெடித்து, மழைக்கு முளைத்துவிட்டது. சிக்லோன் வந்தபோது அது முழங்கால் உயரம். இலை எல்லாம் பறந்துபோய், ஊருக்கே ஒரே சாட்சியாகக் குச்சியாக நின்றது.

பூசாரி அதைச் சுற்றி வந்து பார்த்தார். "வாழை இல்லாத இடத்துல உசிருள்ள எதுவும் ஆகும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தக் கல்யாணத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் நாலைந்து பேர் இருக்கிறோம். பெண் முழங்கால் உயரம் என்பதால் மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்தார், பூசாரி மண்டி போட்டார், நாதஸ்வரக்காரர் தானும் குனிந்து வாசித்தார். மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைக் கோத்து அந்தக் குச்சிக் கழுத்தில் கட்டினார்கள். கயிறு நழுவித் தரையில் விழுந்தது. மாப்பிள்ளை பொறுமையாக எடுத்து, ஒரு கணுவுக்கு மேலே மறுபடியும் கட்டினார். சுற்றி நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அப்பா கரும்பு வெட்டுகிற கத்தியை எடுத்து நீட்டினார். "அலோர், ஆகட்டும் மாப்பிள்ளை, ஒரே போடு. போட்டுட்டுக் குளிச்சிட்டு வாங்க."

கத்தியை வாங்கினார். செடியைப் பார்த்தார். அப்புறம் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, ரெண்டு பேரை இந்தக் கையால மண்ணுல வெச்சேன். அது தெய்வம் செஞ்சது. இவளையும் நானே வெட்டிப் போடணும்னா எப்பிடி? இப்பதான் தாலி கட்டியிருக்கேன்."

"அது செடிப்பா."

"தாலி கட்டுறப்ப யாரும் அப்பிடிச் சொல்லலையே."

பூசாரி சாஸ்திரம் சொன்னார். அப்பா கெஞ்சினார். ஒருவரும் வெட்ட வேண்டாம், மாட்டை அவிழ்த்துவிட்டால் அதுவே மேய்ந்துவிடும் என்றுகூட யாரோ யோசனை சொன்னார்கள். அவர் எழுந்து போய் மாட்டை இன்னும் தள்ளிக் கட்டிவிட்டு வந்தார். வெட்டாமல் அஞ்சலையைக் கட்டவும் மாட்டேன், அந்தத் தோஷம் அவள் தலையில் விழுந்தால் என்னால் தாங்க முடியாது என்றார். சமையல் எல்லாம் ஆகியிருந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, கல்யாணம் நடந்ததா இல்லையா என்று தெரியாமல் வீட்டுக்குப் போனார்கள். என் கல்யாணமும் அந்தக் குச்சியில் தொங்கிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு அவர் நடத்திய குடித்தனத்தைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். மழைக்குப் பிறகு நத்தைகள் ஊர்ந்து வரும், ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டுபோய்த் தூரத்தில் விடுவார். காட்டிலிருந்து குரங்குகள் இறங்கினால் தகரம் தட்டுவார். கடற்காற்று உப்பு என்று தென்னை ஓலையில் ஒரு தட்டி பின்னி நிறுத்தினார். மத்தியானத்தில் அந்தத் தட்டி ஓரம் படுத்துக்கொண்டு, அலைச் சத்தம் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பி, செடியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். என்ன சொல்கிறார் என்று கேட்கப் போனவர்களுக்குக் குறட்டைதான் கேட்டது.

அக்கா வேலியோரம் போய் நிற்பாள். "என்ன, உங்க சம்சாரம் சௌக்கியமா?" என்பாள்.

"ரெண்டு இலை விட்டிருக்கா" என்பார்.

"எனக்கு இலை வராது. எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு களை பறிப்பார். அக்கா உள்ளே வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள். வேறு வரன் பார்க்கட்டுமா என்று அப்பா கேட்டதற்கு, உருட்டின சத்தத்தில் காது கேட்காததுபோல இருந்துவிட்டாள்.

ஆனி வந்தது, குளிர் வந்தது. கரும்பு பூத்து ஊர் வெள்ளையானது. மரத்து மாப்பிள்ளையின் சம்சாரத்துக்கு இலைகள் மஞ்சளாகி, ஒன்றொன்றாக விழ ஆரம்பித்தன. அவர் பதறிப்போய்க் காலை ஒரு குடம், மாலை ஒரு குடம் என்று ஊற்றினார். இலை விழுவது நிற்கவில்லை. ஆடி பிறந்தபோது ஒரு இலை இல்லை, சாம்பல் நிறத்தில் வெறும் குச்சி. தாலி மட்டும் கழுத்தில் இருந்தது.

பாவோபாப் குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கும் என்று எங்கள் ஊரில் ஒரு உயிருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த மரம் எல்லாம் மா, பலா, புளி. இலை இல்லாவிட்டால் செத்துப்போனது என்று அர்த்தம்.

பூசாரி வந்து குச்சியைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறுவதுபோலப் பாவனை செய்தார், வானத்தைப் பார்த்தார். "தம்பி, அவளே போய்ச் சேந்துட்டா. உன் கையால வெட்டற பாவமும் இல்லாமப் போச்சு. நல்ல மனசு அவளுக்கு" என்றார். அவர் குரலில் அவ்வளவு நிம்மதி இருந்தது.

மரத்து மாப்பிள்ளை தலையில் கையை வைத்து உட்கார்ந்து அழுதார். விளையாட்டில்லை, நிஜமாக அழுதார். முதல் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்ற எனக்குப் பட்டது. மீசையை எடுத்தார், கடலில் தலை முழுகினார், கருமாதியும் முறையாக நடந்தது. அப்பாவே சாமான் வாங்கிக் கொடுத்தார், சந்தோஷத்தை மறைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒன்று மட்டும் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். குச்சியைப் பிடுங்க வேண்டாம், மண்ணோடு மண்ணாக அதுவே போகட்டும் என்றார். செத்த குச்சியால் யாருக்கு என்ன கெடுதல் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

துக்கத்தில் அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். அதுதான் அந்தச் செடியைக் காப்பாற்றியது. தூங்குகிற பாவோபாப்புக்கு ஈரம் ஆகாது, இன்னும் ஒரு மாதம் குடம் குடமாக ஊற்றியிருந்தால் வேர் அழுகி நிஜமாகவே செத்திருக்கும். கருமாதி செய்து பிழைக்க வைத்தது உலகத்திலேயே அந்த ஒரு மரமாகத்தான் இருக்கும்.

கார்த்திகையில் கல்யாணம் வைத்தார்கள். வெட்டு முடிந்து நிலம் எல்லாம் திறந்து கிடந்தது, முதல் மழையும் பெய்து மண் மணத்தது. கல்யாணத்தன்று காலை எங்கள் வீட்டு வாசலில் பந்தல், அக்கா மஞ்சள் சேலையில் உட்கார்ந்திருக்கிறாள், பிளேன் மாக்னியன் அம்மா முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் வரவில்லை.

தூங்கியிருப்பார் என்று அப்பா ஓடினார். பின்னால் பூசாரி, பின்னால் நாங்கள் எல்லாரும். அவர் தூங்கவில்லை. பட்டு வேட்டியோடு எருக்குழி ஓரம் குந்தி உட்கார்ந்திருந்தார். குச்சியின் நுனியில் பச்சையாக ஒரு கொத்து விரிந்திருந்தது. முதல் வருஷத்து இலைகள் ஒற்றை ஒற்றையாகத்தான் இருந்தன. இது வேறு மாதிரி, ஒரு காம்பில் ஐந்து இலை, கைவிரல் போலப் பாதி மூடி, பாதி திறந்து. வெயில் அதன் வழியாகப் பச்சையாகக் கீழே விழுந்தது.

"கை காட்டுறா சாமி" என்றார் பூசாரியிடம், மிகவும் மெதுவாக.

கருமாதி செய்துவைத்த பூசாரிக்கு முகம் வெளிறியது. அப்பாதான் முதலில் சுதாரித்து, யாரிடமோ கத்தியைக் கேட்டார். "இன்னும் முகூர்த்தம் இருக்கு. வெட்டுங்க மாப்பிள்ளை. இல்லன்னா நான் வெட்டுறேன்."

மாப்பிள்ளை செடிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "நீங்க வெட்டக் கூடாது மாமா. நானும் வெட்ட மாட்டேன். வெட்டாம அஞ்சலையக் கட்டவும் மாட்டேன். இவ நிக்கிறப்ப அஞ்சலை வந்து, அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" செடியை மறைத்துக் கையை விரித்துக்கொண்டார். "நான் இன்னொருத்தியக் குழிக்குத் தூக்கிட்டுப் போக மாட்டேன் மாமா. என்னை விட்டுருங்க."

கூட்டம் விலகியது. அக்கா வந்துகொண்டிருந்தாள். மணப்பெண் பந்தலை விட்டு எழுந்து நடந்து வந்ததை எங்கள் ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நேராக வந்து செடியைப் பார்த்தாள், தாலியைப் பார்த்தாள், பிறகு பூசாரியைப் பார்த்தாள்.

"சாமி, மூணாவது போனப்புறந்தான நாலாவது?"

"ஆமாம்மா, அதுதான் முறை."

"எமன் முறை தவற மாட்டானே?"

"அவன் எப்பிடித் தவறுவான்?"

"அப்ப வரிசைப்படி இது போகணும், அதுக்கப்புறந்தான் என்கிட்ட வரணும். இது நிக்கிற வரைக்கும் எனக்கு முறை வராது. இதை வெட்டிட்டு நான் எதுக்கு வரிசையில முன்னாடி போய் நிக்கணும்?"

பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அதில் இதற்கு ஒன்றும் இல்லை.

அக்கா மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "இது எத்தனை வருஷம் இருக்கும்னு அந்த ரோஷ் புவா ஆளு சொன்னான்?"

"சாகவே சாகாதுன்னான்."

"அப்ப எனக்கென்ன குறை? எங்க வீட்டுல நான்தான் மூத்தவ. எனக்கும் ஒரு அக்கா இருந்துட்டுப் போகட்டும். வாங்க, சாம்பார் ஆறுது."

அக்கா அன்றைக்கு வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள் என்று பின்னால் என்னிடம் சத்தியம் செய்தாள். கோபத்திலும் பசியிலும் வந்த பேச்சு. ஆனால் அவர் அவள் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார், இத்தனை வருஷமாகத் தேடின ஒன்றை யாரோ எடுத்துக் கையில் கொடுத்ததுபோல. பிறகு அவள் பின்னால் நடந்து வந்து, முகூர்த்தம் தப்புவதற்குள் தாலி கட்டினார். தையில் என் கல்யாணமும் நடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு மூத்தவளான அந்தச் செடி மீது அவருக்கு அக்கறை குறையும் என்று எதிர்பார்த்தோம். இரண்டு மடங்கானது. நல்ல மணலாகப் பார்த்து வேரைச் சுற்றிக் கொட்டினார், நீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினார், குளிர்காலத்தில் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் யார் போனாலும் சண்டைக்கு வந்தார். ஆடிப்பெருக்கன்று அக்காவுக்குத் தாலிக் கயிறு மாற்றும்போது மூத்தவளுக்கும் புதுக் கயிறு கட்டினார். மழைக்கு மரம் பெருத்தால் கயிறு இறுக்கிவிடும் என்று விரல் நுழைகிற இடம் விட்டுக் கட்டுவார். ஊர் சிரித்தது, அக்காவும் சிரித்தாள். ஆனால் எனக்குத் தெரியும், உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் எரிந்தது. எந்தப் பெண்ணுக்குத்தான் எரியாது?

என் முதல் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தபோது மறுபடியும் ஒரு சிக்லோன் அடித்தது. கூரை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் எங்கள் கல்சுவர் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். அக்கா வந்தாள். மாமா வரவில்லை. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தோம். பட்டப்பகலிலேயே வானம் கருத்து, மழை படுக்கையாக அடித்தது. அவர் மாட்டுக் கயிற்றால் மரத்தை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மரம் அப்போது அவர் உயரம் இருந்தது. தூரத்திலிருந்து பார்க்க, இரண்டு பேர் நிற்பதுபோல இருந்தது.

காற்று ஓய்ந்ததும் அக்கா ஓடினாள், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர்கள் வீட்டுக் கூரை இல்லை. மரத்தில் ஒரு இலை இல்லை, ஆனால் அது நின்றது. அவர் அதன் அடியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

"கட்டின பொண்டாட்டி நான் உள்ள செத்தேனா பொழைச்சேனான்னு தெரியாம, இங்க இவளக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களா?" அக்கா கத்தினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதட்டில் நிறமே இல்லை.

"இவ விழுந்துட்டா அடுத்தது நீதான அஞ்சலை."

எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த எரு, அந்த வேலி, கொட்டாங்கச்சியில் போன அத்தனை நத்தைகள், எல்லாம் யாருக்காக என்று புரிந்தது. அக்கா சண்டைக்கு வந்த வாயை மூடிக்கொண்டு, ஈரச் சேலையின் தலைப்பைப் பிழிந்து, அவர் தலையைத் துவட்டினாள். மறுநாளிலிருந்து சாம்பல் தூவுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு மூன்று பிரசவம். ஒவ்வொன்றுக்கும் அவர் மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார், அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் நான்தான் போய், "மாமா, அக்கா கஞ்சி கேக்குறா" என்று சொன்னேன். அதைக் கேட்டதும் அங்கேயே சாய்ந்து தூங்கிவிடுவார்.

வரிசையில் தன் பெயரைச் சேர்க்க அவர் மறந்துவிட்டார். தலை நரைத்து, பேரப்பிள்ளைகளுக்கு மரத்தில் ஊஞ்சல் கட்டிக் கொடுத்த பிறகு, ஒரு மத்தியானம் அதன் அடியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கரும்பு பூத்திருந்த மாதம். வெகுநேரம் நாங்கள் தூங்குகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

காரியத்தன்று அக்காவின் தாலியை இறக்கினார்கள். அப்போது ஊர்ப் பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மூத்தவளுக்கும் இறக்கணுமில்ல?"

அழுதுகொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். அந்தப் பழைய நாக்கு இன்னும் அங்கேதான் இருந்தது.

"யாரும் அதுல கை வைக்கக் கூடாது. எனக்குப் போனது போச்சு. அவருக்கு ஒருத்தியாச்சும் தாலியோட இருக்கட்டும்."

இப்போதும் ஆடிப்பெருக்கன்று நான் பிளேன் மாக்னியனிலிருந்து போகிறேன். மரம் இலையைக் கொட்டிவிட்டுச் சாம்பல் நிறத்தில் தூங்கிக்கொண்டிருக்கும், பின்னால் கடல் மெல்லச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். இந்த வருஷம் அக்காவின் இரண்டு கைகளும் அதைச் சுற்றி எட்டவில்லை. நான் மறுபக்கம் போய் நின்றேன். அவள் முகம் தெரியவில்லை, மஞ்சள் கயிற்றின் நுனியைப் பிடித்த கை மட்டும் அடிமரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. வாங்கி முடிச்சுப் போட்டேன்.

"எத்தனை விரல் இடம் விட்டடி?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"ரெண்டு."

கயிறு அந்தப் பக்கம் லேசாக இழுபட்டது.

"அவரு மூணு விடுவாரு" என்றாள்.

அவிழ்த்து, மறுபடியும் கட்டினோம்.